எஞ்சின் மாற்றிய பழைய டிராக்டரில் பிளைவீல் மாற்றுதல்

வாங்கி முப்பது ஆண்டுகள் ஆன பின்னும் டிராக்டரை விற்காமல் ஓட்டிவரும் விவசாயிகள் பலர் உள்ளனர். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகள் பழசானாலும் நன்கு உழைக்கக்கூடியவை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவை வாங்கியபடியே இருப்பதில்லை. எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும், கிளட்ச் இன்னொன்றிலிருந்தும், ஸ்டார்ட்டர் மோட்டார் பழைய இரும்புக் கடையிலிருந்தும் வந்திருக்கும். இது புதிய வழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சிறிய பெர்குசன் டிராக்டர்களில், பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் பி-3 டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்ட விவசாயிகள் அந்நாளிலேயே இருந்தனர்.

இப்படி மாற்றம் செய்த வண்டியில் பிளைவீல் கெட்டுப்போனால், கடையில் டிராக்டரின் பெயரைச் சொல்லி வாங்கக்கூடாது. பிளைவீல் டிராக்டரைச் சேர்ந்ததல்ல. அது கிராங்க்ஷாப்ட், ஸ்டார்ட்டர், கிளட்ச் ஆகிய மூன்றோடும் ஒருங்கே பொருந்த வேண்டிய உறுப்பு. இம்மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் அளந்துதான் வாங்க வேண்டும்.

பிளைவீல் செய்யும் வேலை என்ன? மூன்று சிலிண்டர் எஞ்சினில் 240 பாகைக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. ஆனால் பிஸ்டன் கீழ்நோக்கித் தள்ளுவது அதிகபட்சம் 180 பாகைதான். மீதி நேரத்தில் கிராங்க்ஷாப்டைச் சுழற்றி, அடுத்த சிலிண்டரில் காற்றை அழுத்த உதவுவது பிளைவீலில் சேர்ந்துள்ள ஓட்டமே. அதனால்தான் அது கனமாக, அதுவும் விளிம்பில் கனமாக, வார்க்கப்படுகிறது. இடம் போதவில்லை என்று லேத்தில் விளிம்பைக் குறைத்தால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது குலுங்கும். பாரம் ஏற்றிய டிரெய்லரைக் கிளட்ச் விட்டுக் கிளப்பும்போது நின்று போகும். பந்தய வண்டிக்கு வேண்டுமானால் இலேசான பிளைவீல் நல்லது. உழவு வண்டிக்கு ஆகாது.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் சில சமயம் 'கரகர' என்று வழுக்கி, எஞ்சினைக் கையால் சிறிது திருப்பிய பின் பிடித்தால் குறை ரிங் கியர் பற்களில் உள்ளது. எஞ்சின் அணையும்போது ஏதாவதொரு சிலிண்டரின் அழுத்தத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே மூன்று சிலிண்டர் எஞ்சினில் மூன்று இடங்களிலும், நான்கு சிலிண்டர் எஞ்சினில் எதிரெதிரான இரண்டு இடங்களிலும் பற்கள் அதிகம் தேயும். இதற்கு ரிங் கியரை மட்டும் மாற்றினால் போதும். கிளட்ச் தட்டு உராயும் முகத்தில் நீல நிறத் திட்டுகளும் மயிரிழை போன்ற மேல் வெடிப்புகளும் இருந்தால் லேத்தில் முகம் சீவிப் பார்க்கலாம். சேற்றுழவில் கிளட்ச் மிதியின் மேலேயே கால் வைத்து ஓட்டும் வண்டிகளில் இந்தக் குறை விரைவில் வரும். சில பிளைவீல்களில் கிளட்ச் உறை அமரும் விளிம்பு, உராயும் முகத்தைவிட உயரமாக இருக்கும். அத்தகையவற்றில் முகத்தில் எடுத்த அளவை விளிம்பிலும் எடுக்காவிட்டால் கிளட்ச் சரியாகப் பிடிக்காது.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது 'டொக் டொக்' என்று கேட்டால் உடனே பேரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். பிளைவீல் போல்ட் தளர்ந்திருந்தாலும் அதே ஓசை வரும்.

வெடிப்பு போல்ட் துளையைத் தொட்டாலும், விளிம்புவரை ஓடியிருந்தாலும் அந்தப் பிளைவீலைக் கழித்துவிட வேண்டியதுதான். வெல்டிங் வைத்து ஓட்டக்கூடாது. 35 செ.மீ. விட்டமுள்ள பிளைவீல் நிமிடத்திற்கு 2000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் உடைந்தால், வார்ப்பிரும்புத் துண்டு கிளட்ச் உறையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுநர்.

புதியது வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய பிளைவீலையே எடுத்துச் செல்வது நல்லது. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், கிராங்க்ஷாப்ட் முனை உட்காரும் நடுக்குழியின் விட்டமும் ஒத்திருக்க வேண்டும். ரிங் கியரின் பல் எண்ணிக்கையோடு அதன் வெளி விட்டத்தையும் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பல்லின் பருமன் வேறாக இருக்கலாம். கிளட்ச் உறையின் போல்ட் துளைகளும் சேர வேண்டும். பலரும் பார்க்கத் தவறுவது உயரம். கிராங்க்ஷாப்டில் அமரும் முகத்திலிருந்து கிளட்ச் உராயும் முகம் எவ்வளவு தூரம் என்பதே அது. இது மாறினால் கிளட்ச் விரல்களின் நிலை மாறிவிடும். மிதியை எவ்வளவு சரிசெய்தாலும் ஒன்று கிளட்ச் விடாது, அல்லது வழுக்கும்.

பிரிக்கும் வேலையில் ஆபத்து அதிகம். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரித்தால் வண்டி இரண்டு துண்டாகிவிடும். முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடும்படி அமைந்துள்ளதால், முன் பாதி பக்கவாட்டில் சாயும். போல்ட்டைத் தொடுமுன் அச்சுக்கும் எஞ்சினைத் தாங்கும் முன் வார்ப்புக்கும் இடையே இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்து இறுக்குங்கள். சமதளமான கெட்டித் தரையில், பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு பாதிகளையும் உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். பாட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பழைய கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கழற்றுமுன் பிளைவீலும் கிராங்க்ஷாப்டும் சேரும் நிலையை சென்டர் பஞ்சால் குறியிட்டுக் கொள்ளுங்கள். எதிரெதிரான இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, அவ்விடத்தில் நீளமான இரண்டு திருகுகளை முடுக்கிவிட்டால் மற்றவற்றை எடுத்ததும் பிளைவீல் காலில் விழாமல் அவற்றின் மேல் நிற்கும். இருவர் சேர்ந்து இறக்குங்கள். வண்டி பிரிந்திருக்கும்போதே கிராங்க்ஷாப்டின் பின் ஆயில் சீலையும், நடுவிலுள்ள சிறிய பைலட் பேரிங்கையும் மாற்றிவிடுவது சிக்கனம். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக மறுபடியும் வண்டியைப் பிரிக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

ரிங் கியரை மட்டும் மாற்றுவதானால், பற்களின் சரிந்த முனை எந்தப் பக்கம் உள்ளது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புதியதையும் அப்படியே ஏற்ற வேண்டும். புதிய வளையத்தைச் சுற்றிலும் சீராகச் சூடாக்குங்கள். 250 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. துலக்கிய இரும்பு வைக்கோல் நிறம் கொள்ளும் பதமே போதும். நீலமாகிவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். பல்லின் கடினம் குறைந்துவிடும். ஏற்றிய பின் தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது.

புதிய பிளைவீலை மாட்டுமுன் கிராங்க்ஷாப்ட் முகத்தைக் கண்ணாடிபோல் துடைக்க வேண்டும். ஐந்து அங்குல முகத்தின் ஓரத்தில் சிக்கிய துருவோ பிசிறோ, பதினான்கு அங்குல விளிம்பில் ஏறக்குறைய மூன்று மடங்கு கோணலாகிவிடும். போல்ட்டுகள் அதே தரமும் நீளமும் கொண்டவையாக இருக்கட்டும். பூட்டுத் தகடு இருந்தால் புதிது போடுங்கள். எதிரெதிராக, சிறிது சிறிதாக, டார்க் ரென்ச் கொண்டு இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை இப்போது வண்டியில் உள்ள எஞ்சினின் கையேட்டில் பார்க்க வேண்டும், டிராக்டரின் கையேட்டில் அல்ல.

இறுக்கியதும் டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் மூடாதீர்கள். பட்டறைகளில் 'தௌ' என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெர்கின்ஸ் வகை எஞ்சின்களில் முகத்தின் கோணல் ஆரத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஒரு தௌவுக்கு மேலும், வெளி விளிம்பின் ஓட்டம் 12 தௌவுக்கு மேலும் இருக்கலாகாது. அளக்கும்போது கிராங்க்ஷாப்டை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுழற்றுங்கள். இல்லாவிட்டால் அதன் முன்பின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மற்றொன்று. சில பிளைவீல்களில் டீசல் பம்ப் நேரம் பார்க்கும் குறி வெட்டப்பட்டிருக்கும். வேறு எஞ்சினிலிருந்து வந்த பிளைவீலில் அந்தக் குறியை நம்பக்கூடாது. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையை அளந்து புதிய குறி வையுங்கள்.

கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த, பழைய கியர் பாக்ஸ் ஷாப்ட் துண்டு ஒன்றையோ அதே அளவில் கடைந்த மரக்கட்டையையோ பயன்படுத்தலாம். இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது சிறிது இடைவெளி நின்றால் போல்ட்டை முடுக்கி இழுக்காதீர்கள். எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால் பற்கள் சேர்ந்து தானே உள்ளே போகும். போகாவிட்டால் தட்டு நடுவில் இல்லை. திரும்பப் பிரிக்கத்தான் வேண்டும். சேர்த்து முடித்ததும் ஆப்புகளை எடுத்துவிட்டு, கிளட்ச் மிதியின் வெற்றாட்டத்தைச் சரிசெய்யுங்கள். சில நாள் ஓடிய பின் அதை மறுபடியும் பாருங்கள். எடுத்த அளவுகளையும், எஞ்சின் எண்ணையும், ரிங் கியர் பல் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதி வண்டியின் கருவிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.