மின்வாகனங்களில் மின்காப்பின் நம்பகத்தன்மை: திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதிச் சூழலை முன்வைத்து

சிட்ரோயன் நிறுவனத்தின் இ-சி3 மின்மகிழுந்து 2023ஆம் ஆண்டு அறிமுகமானது. 29.2 கிலோவாட் மணி கொள்ளளவும் காற்றுக் குளிர்விப்பும் உடைய மின்கலத் தொகுப்பால் இயங்கும் இவ்வாகனம், முன்னர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷி மகிழுந்துகளை உருவாக்கிய திருவள்ளூர் ஆலையில் உற்பத்தியாகிறது. மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் மிகுதி. கோடையில் திருத்தணிப் பக்கத்து வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடப்பது வழக்கம். பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்பு கலந்த ஈரக்காற்று வீசுகிறது. இத்தகைய சூழலில் மின்காப்பு எவ்வாறு தளர்கிறது, நடைமுறைத் தரநிலை அத்தளர்ச்சியை எந்த அளவிற்கு முன்கூட்டிக் காட்டுகிறது என்பது ஆராயத்தக்கது.

மின்வாகனத்தின் உயர் மின்னழுத்தச் சுற்று வாகனத்தின் உலோகச் சட்டகத்துடன் இணைக்கப்படுவதில்லை. எனவே ஒரு முனையில் காப்பு முற்றிலும் பழுதானாலும் பெருமின்னோட்டம் பாயாது. வாகனம் வழக்கம்போல் ஓடும். ஆபத்து இந்த அமைதியில்தான் உள்ளது. மறுமுனையிலும் காப்பு முறிந்தால் சட்டகம் வழியே குறுக்குச்சுற்று ஏற்படும். அதற்கு முன்பே பழுதுநீக்குநர் ஒருவர் மறுமுனையைத் தொட நேர்ந்தால் மின்னதிர்ச்சிக்கு உள்ளாவார். முதற்பழுதைக் கண்டறியவே காப்புத்தடைக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்படுகிறது.

இந்தியத் தரநிலையான ஏஐஎஸ்-038, குறைந்தபட்சக் காப்புத்தடையை நேர்மின்னோட்டச் சுற்றுக்கு வோல்ட்டிற்கு 100 ஓம் எனவும் மாறுமின்னோட்டச் சுற்றுக்கு 500 ஓம் எனவும் வரையறுக்கிறது. ஓம் விதிப்படி இவை முறையே 10, 2 மில்லி ஆம்பியர் கசிவிற்குச் சமமானவை. அதாவது, இவ்வெல்லைகள் மனித உடலின் தாங்குதிறனை ஒட்டியவை. காப்புப்பொருளின் ஆயுளை ஒட்டியவை அல்ல. 350 வோல்ட் தொகுப்பிற்கு எல்லை 35 கிலோ ஓம் மட்டுமே. புதிதில் 20 மெகா ஓம் காட்டிய சுற்று ஓராண்டில் 1 மெகா ஓமிற்கு இறங்கியிருப்பின், இருபதில் பத்தொன்பது பங்கை இழந்தும் அது சோதனையில் தேறிவிடும். 2022இல் நிகழ்ந்த மின்வாகனத் தீவிபத்துகளையடுத்து இத்தரநிலை திருத்தப்பட்டபோதும் கவனம் பெரிதும் மின்கலங்களின் மீதே இருந்தது.

வெப்பத்தின் விளைவு நெடுங்காலமாக அறியப்பட்டதே. 10 டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்னும் நடைமுறை விதி மின்மாற்றிகளின் தாள்காப்பு ஆய்வுகளை ஒட்டி உருவானது. பாலிஇமைடு பூச்சிற்கு அதனை அப்படியே பொருத்துதல் தகாது. புதிய சிக்கல் இன்வெர்ட்டரால் வருகிறது. சிலிக்கன் கார்பைடு இன்வெர்ட்டர்கள் மின்னழுத்தத்தை நானோவினாடி அளவில் ஏற்றியிறக்குவதால் மோட்டார்ச் சுருளின் தொடக்கச் சுற்றுகள் பெரும்பங்கு அழுத்தத்தைத் தாங்குகின்றன. கம்பிகளுக்கிடையே உள்ள நுண்காற்றிடைவெளியில் பகுதி மின்னிறக்கம் தொடங்கின் எனாமல் பூச்சு அரிக்கப்படும். 400 வோல்ட் அமைப்பில் அரிதான இது 800 வோல்ட் அமைப்பில் முதன்மைச் சிக்கலாகிறது. ஐஇசி 60034-18-41 தரநிலையின்படி, பணிக்காலத்தில் பகுதி மின்னிறக்கத்திற்கு இடந்தராதிருப்பதே முதல்வகைக் காப்பின் தகுதி.

இப்பகுதிக்கு மிக நெருங்கிய காரணி மேற்பரப்புக் கசிவே. காப்பின் மீது படியும் உப்பு, உலர்ந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஈரத்தை உறிஞ்சியதும் கடத்துகிறது. இரும்புத் தூசும் சேர்ந்தால் கடத்துபாதை மேலும் எளிதாகும். ஐஇசி 60664-1 இத்தகைய சூழலை மாசுநிலை 3 என வகைப்படுத்தி, முனைகளுக்கிடையே மேற்பரப்பு வழியான தொலைவைக் கூட்டக் கோருகிறது. மூடிய பெட்டிகளும் முழு விலக்குப் பெறுவதில்லை: பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உட்காற்று சுருங்கி, முத்திரை தளர்ந்த இடங்கள் வழியே ஈரக்காற்றை ஈர்க்கும். அவ்வீரம் விடியலில் இணைப்பிகளின் மீது பனித்துளியாகப் படிகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலக் காலைகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி சூடேறிய பின் அணைவதற்கு இது ஒரு காரணம். பணிமனைகள் இதனைக் கருவியின் பிழையாகக் கருதிவிடக்கூடும். உண்மையில், மீண்டும் உயரும் அளவீடு மேற்பரப்பு ஈரத்தையும், உயராத அளவீடு பொருளின் உட்சிதைவையோ நிலைத்த கசிவுப்பாதையையோ சுட்டுகிறது. இரண்டையும் பிரித்தறிவதற்கு அக்காலை அளவீடே உதவும். உலர்ந்த பணிமனையில் நண்பகலில் ஒருமுறை எடுக்கும் அளவீடு இவ்வேறுபாட்டைக் காட்டாது. கண்காணிப்புக் கருவி தொடர்ந்து அளக்கும் மதிப்புகளை வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றுடன் சேமித்து வைத்தால், எல்லையைத் தொடுவதற்குப் பல திங்கள் முன்னரே சரிவைக் காண இயலும்.