ஒரு சக்கரம் கிடைக்காமல் நிற்கும் லாரி

உதிரிப் பாகம் தேடி அலைவோரும் நம் வியாபாரமும்

விருத்தாசலம் என்றால் வெளியூர் வியாபாரிகளுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, மணிலாவும் எள்ளும் உளுந்தும் வந்து குவிகிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். மற்றொன்று பீங்கான். ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை என்று இங்கிருந்து போன சரக்கு, தமிழ்நாட்டில் பல மளிகைக் கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் எலெக்ட்ரிகல் கடைகளிலும் அடுக்கியிருந்ததை நம்மில் பலர் அறிவோம்.

அச்சில் வார்த்துப் பொம்மை செய்யும் இந்த ஊரை முன்வைத்து, அச்சில் வார்த்த ஒரு சிறு சக்கரம் கிடைக்காமல் அவதிப்படும் சிலரைப் பற்றி இங்கே பார்க்கப் போகிறோம். சிறிய அளவில் மாதிரி லாரி செய்கிறவர்கள் அவர்கள். விளையாட்டு விஷயம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். அவர்களுடைய கஷ்டத்தில் நம் வியாபாரத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது.

யார் இவர்கள்?

தமிழ்நாட்டில் பல ஊர்களில் அரசுப் பேருந்தையும் சரக்கு லாரியையும் அப்படியே சுருக்கி வீட்டில் செய்து வைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஃபோம் ஷீட், அட்டை, கண்ணாடிக்குப் பதில் தெளிந்த பிளாஸ்டிக் தாள், சைலென்சருக்குப் பேனா ரீஃபில், விளக்குக்குச் சின்ன எல்.இ.டி. பல்பு. இவற்றை வைத்துக்கொண்டு பாடியை அச்சு அசலாகக் கட்டிவிடுகிறார்கள். கதவு திறக்கும், விளக்கு எரியும்.

பாடி முடிந்ததும் வேலை நின்றுவிடுகிறது. காரணம் சக்கரம். அட்டையை வெட்டிச் சக்கரம் செய்தால் அது சக்கரமாகத் தெரியாது. ரப்பர் டயரின் பூ, நடுவில் தட்டு, தட்டைச் சுற்றி நட்டு ஆகியவை வேண்டும். முன் சக்கரத்தின் தட்டு வெளியே புடைத்திருக்கும். பின்னால் இரட்டையாக மாட்டிய சக்கரத்தில் அதே தட்டு உள்வாங்கியிருக்கும். லாரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மாறினால் உடனே கண்ணில் படும்.

கடையில் கேட்டால், "சக்கரம் மட்டும் வராது தம்பி, லாரியாத்தான் வாங்கணும்" என்பதுதான் பதில். சரி என்று பொம்மை லாரி வாங்கி உடைத்தால், பல பொம்மைகளில் பின் இரட்டைச் சக்கரம் ஒரே கட்டையாக வார்த்ததாக இருக்கும். பத்துச் சக்கர லாரி ஒன்று செய்ய, ஸ்டெப்னியோடு சேர்த்துப் பதினொரு சக்கரம் வேண்டும். அதற்காக இரண்டு மூன்று பொம்மைகளை உடைக்க வேண்டியிருக்கிறது. மிச்சமெல்லாம் குப்பை.

அளவு ஒத்துவராத சங்கடம்

உடைத்து எடுத்த சக்கரமும் பொருந்துவது அபூர்வம். நம் லாரிகளில் பரவலாக ஓடும் 10.00-20 டயரின் உயரம் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர். 1:24 அளவில், அதாவது இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 44 மில்லிமீட்டர் வரும். 1:25 என்றால் 42. 1:18 என்றால் 58. ஆனால் பொம்மைக் கம்பெனி இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அட்டைப் பெட்டியின் நீளம், ஒரு கார்ட்டனில் எத்தனை டஜன் அடங்கும், கடை அலமாரியின் அகலம் ஆகியவைதான் அதன் கணக்கு. பெட்டிக்கு ஏற்றபடி லாரி நீளும், குறுகும். சக்கரத்தையும் கையில் இருக்கிற பழைய அச்சிலேயே வார்த்துவிடுவார்கள். வியாபாரக் கணக்கில் அது தப்பும் இல்லை.

வெளிநாட்டில் நிலைமை வேறு. இத்தாலியின் இட்டாலெரி கம்பெனி 1:24 அளவில் ஐரோப்பிய லாரிகளைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கிறது. ரப்பர் டயர் தனியாகவும், வண்டியில் ஒட்டும் சில்லறைப் பாகங்கள் தனியாகவும் செட்டாக வந்திருக்கின்றன. அமெரிக்காவில் ஏ.எம்.டி. போன்ற கம்பெனிகள் 1:25 அளவைப் பிடித்துக்கொண்டன. ஒன்றின் டயரை மற்றதில் மாட்டினால் இரண்டு மில்லிமீட்டர் இடிக்கும். ஆக, அங்கேயும் அலைச்சல் உண்டு.

வெளிநாட்டுப் பெட்டியை வரவழைக்கலாம் என்றால் விலை கட்டுபடியாகாது. பொம்மைகள் மீதான இறக்குமதிச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. சிறு அளவு மாதிரி வண்டிகளும் சுங்கப் பட்டியலில் பொம்மை வரிசையிலேயே வருகின்றன.

அப்படி வரவழைத்தாலும் அதில் இருப்பது ஸ்கானியாவும் வால்வோவும்தான். நம் லாரி வேறு. சென்னையில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியானாலும், 1954-ல் ஜெர்மனி டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கிய டாடாவானாலும், நெடுங்காலம் பெரும்பாலான லாரிகளை சேசிஸும் முன்முகப்புமாகத்தான் விற்றார்கள். கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் கட்டப்பட்டன. பட்டறைக்குப் பட்டறை பாடி மாறும். கேபின் மேலே கொண்டை, ஏர் ஹாரன், தார்ப்பாய்க் கயிறு கட்டும் கொக்கி, டயருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை, முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம் மிளகாய் எல்லாம் சேர்ந்ததுதான் நம் ஊர் லாரி. இவற்றை எந்த நாட்டுக் கம்பெனியும் செட்டாகப் போட்டு விற்கவில்லை.

ஏன் யாரும் செய்வதில்லை?

இதற்கு விடை விருத்தாசலத்தின் பட்டறைகளிலேயே இருக்கிறது.

பிளாஸ்டிக் சக்கரம் வார்க்க இரும்பு அச்சு வேண்டும். உதாரணத்துக்கு அச்சுக்கு 60,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 60,000 சக்கரம் விற்றால் ஒன்றுக்கு ஒரு ரூபாய்தான் அச்சுச் செலவு. 300 சக்கரம்தான் போகும் என்றால் ஒன்றின் தலையில் 200 ரூபாய் ஏறும். எந்த முதலாளியும் கை வைக்க மாட்டார்.

களிமண் வேலையில் அச்சு மலிவு. பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைப்பது பீங்கான் தொழிலுக்கு ஒரு பெரிய வசதி. களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் பிடித்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடாகப் பொம்மை நிற்கும். பிளாஸ்டர் அச்சு குறைந்த செலவில் முடியும் என்பதால் சிறு பட்டறைக்காரரும் பத்து வகை, இருபது வகைப் பொம்மை போட முடிகிறது.

ஆனால் களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். மண்ணின் கலவையைப் பொறுத்து இந்தச் சுருக்கம் நூற்றுக்குப் பத்து, பதினைந்து வரை போகும். 44 மில்லிமீட்டர் சக்கரம் வேண்டுமானால், 12 சதவீதச் சுருக்கத்துக்கு 50 மில்லிமீட்டரில் அச்சு எடுக்க வேண்டும். சுருக்கம் ஒரு சதவீதம் முன்பின்னானால் அரை மில்லிமீட்டர் போய்விடும். நாலு சக்கரமும் நாலு விதமாக நிற்கும். நட்டு மாதிரியான நுணுக்கங்கள் மெருகுப் பூச்சில் மழுங்கிவிடும். அச்சும் வார்க்க வார்க்கத் தேயும். கொலுவில் வைக்கும் பொம்மைக்கு இது ஒரு குறையே இல்லை. சக்கரத்துக்குப் பெரிய குறை.

ஆக, அச்சுக்கூலி மலிவாக இருக்கும் இடத்தில் அளவு நிற்பதில்லை. அளவு நிற்கும் இடத்தில் அச்சுக்கூலி கட்டுபடியாவதில்லை. துல்லியமும் வேண்டும், கொஞ்சமாகவும் வேண்டும் என்று கேட்டால் இரண்டு பக்கமும் கதவு அடைபடுகிறது. லாரிச் சக்கரம் தேடுகிறவரின் கஷ்டத்துக்கு மூல காரணம் இதுதான்.

நம் கடையிலும் இதே கதைதான்

மளிகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் இது புதிதல்ல. ஊறுகாய் ஜாடியின் மூடி உடைந்து, மூடி மட்டும் கேட்டு வருகிற தாய்மார்கள் எத்தனை பேர்! மண் சுருங்கும் என்பதால் ஜாடிக்கு ஜாடி வாய் கொஞ்சம் வித்தியாசப்படும். ஒன்றின் மூடி இன்னொன்றில் சரியாக உட்காராது. அதனால்தான் மூடி தனிச் சரக்காக ஓடவில்லை. அந்த இடத்தில் அளவு மாறாத மூடியோடு பிளாஸ்டிக் டப்பா வந்து உட்கார்ந்துகொண்டது.

பீங்கான் ஃபியூஸும் அப்படியே. அடிக்கட்டை சுவரில் நன்றாக இருக்கும். மேலே செருகும் கேரியர் கை தவறி விழுந்து உடையும். "அண்ணே, கேரியர் மட்டும் கிடைக்குமா?" என்று கேட்டால், "செட்டாத்தான் வரும்" என்போம். தானாக விழும் எம்.சி.பி. சுவிட்சுகள் வந்த பிறகு புது வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் குறைந்துவிட்டது கண்கூடு. அதில் பாதுகாப்பும் வசதியும் அதிகம் என்பதே முதல் காரணம். ஆனாலும் பழைய வீடுகளிலும் பம்ப்செட் ஷெட்டுகளிலும் பீங்கான் கட்டை இன்னும் இருக்கிறது. அங்கே உடைந்த கேரியருக்கு மாற்று தேடுகிறவரும் இருக்கிறார்.

குக்கர் கேஸ்கட், மிக்ஸி கப்ளர், அடுப்புக் குமிழ் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு காலத்தில் இவையும் தேடி அலைய வேண்டிய பொருள்கள்தான். யாரோ சிலர் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கத் தொடங்கினார்கள். இன்று அது தனி வியாபாரம். ஒரு கேஸ்கட்டில் கிடைக்கும் லாபம் சொற்பம்தான். ஆனால் கேஸ்கட் வாங்க வந்த அம்மாள் வெறுங்கையோடு போவதில்லை. அடுத்த குக்கரையும் அந்தக் கடையில்தான் வாங்குவார்.

இப்போது திறந்திருக்கும் வழி

அச்சே இல்லாமல் பொருள் செய்யும் முறை இன்று வந்திருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில், திரவப் பிசினை ஒளியால் மெல்லிய படலம் படலமாக இறுக வைத்து உருவம் எடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனத்துக்குப் படலம் போட முடிகிறது. சக்கரத்து நட்டு வரை தெளிவாக வரும். ஒன்று செய்தாலும் பத்து செய்தாலும் அச்சுச் செலவு கிடையாது. ஒரு சக்கரம் சரியாக வந்துவிட்டால் சிலிக்கோன் ரப்பரில் அதை அச்செடுத்து மேலும் சில டஜன் வார்த்துக்கொள்ளலாம். பீங்கான் பட்டறைக்கும் இது பயன்படும். சுருக்கத்தைக் கணக்கிட்டுப் பெரிதாக்கிய மூல உருவத்தை அச்சடித்து, அதன் மேல் பிளாஸ்டர் அச்சு எடுக்கலாம். கை வேலையில் பல நாள் பிடிக்கும் மூல உருவம் சீக்கிரம் கிடைக்கும்.

செய்கிற வழி வந்துவிட்டது. வாங்க ஆள் இருக்கிறார். இரண்டையும் சேர்த்து வைக்கும் வியாபாரிதான் இன்னும் வரவில்லை. ஒரு ஊரில் லாரிச் சக்கரம் கேட்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அதை நம்பி யாரும் சரக்கு எடுக்க முடியாது. ஆனால் இருபது ஊர் சேர்ந்தால் அது ஒரு ஆர்டர். ஒற்றைக் கடைக்கு முடியாததைச் சங்கம் செய்ய முடியும்.

வணிகர்கள் செய்யக்கூடியவை

ஒன்று: கல்லாவின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். 'கேட்டார்கள், இல்லை' என்று தலைப்பிட்டு, திருப்பி அனுப்பிய ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் எதை வாங்கி வைக்கலாம் என்று தானே தெரியும்.

இரண்டு: உள்ளூர்ச் சங்கக் கூட்டத்தில் இந்த நோட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து கடையில் ஒரே பொருள் எழுதியிருந்தால் மொத்த வியாபாரியிடமோ பட்டறையிலோ சேர்ந்து ஆர்டர் கொடுக்கலாம். ஒரு கடை எடுத்து வைத்து, மற்ற கடைகள் அங்கே கைகாட்டி அனுப்பினாலும் போதும்.

மூன்று: போக்குவரத்தில் உடைந்த செட்டுகளை, பொம்மையானாலும் ஜாடியானாலும், அப்படியே குப்பையில் போடாதீர்கள். நல்ல பாகத்தைப் பிரித்துத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

நான்கு: சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத பொம்மையை விற்கும் கடைக்காரரும் பொறுப்பாளி ஆவார். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைக்கு இதில் விலக்கு உண்டு. கொலு பொம்மை கொள்முதல் செய்யும்போது அந்தப் பதிவைக் கேட்டுக்கொள்வது நல்லது. மாதிரி வண்டிக்கான சின்னப் பாகங்களை விற்பதானால் அவற்றைக் குழந்தைகள் அலமாரியில் வைக்கக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சிறு பாகம் தொண்டையில் சிக்கும் ஆபத்து. பெரியவர்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்து, கல்லாவிலிருந்து கேட்டு எடுத்துக் கொடுங்கள்.

பெரிய கடைகளும் ஆன்லைன் வியாபாரமும் ஓடுகிற சரக்கைப் பிடித்துக்கொண்டன என்று நாம் வருந்துகிறோம். ஓடாத சரக்கைத் தேடி வருகிறவர் இன்னும் நம் படியேறித்தான் விசாரிக்கிறார். "இல்லை" என்று சொல்வதற்கு முன், "எந்த அளவு? எத்தனை வேண்டும்? எழுதி வைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லிப் பழகுவோம். அப்படிச் சொல்கிற கடையை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.