பதிவு மேஜையில் உட்காருங்கள்

“நல்ல ஓப்பனிங் ஒண்ணு இருந்துச்சாம், நமக்குத் தெரியறதுக்குள்ள ஆள் எடுத்துட்டாங்களாம்.” வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆள் தேவை என்பது விளம்பரமாக வெளிவரும் முன்பே அந்தத் துறைக்காரர்களுக்குத் தெரிந்துவிடுவது சகஜம். அப்பாவோ மாமாவோ அதே துறையில் இருந்தால் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்திலேயே செய்தி வந்துவிடும். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவருக்கு யார் சொல்வார்கள்? தொழில்முறைச் சங்கங்களில் சேரச் சொல்லி நான் வற்புறுத்துவது முதலில் அவரைத்தான்.

உறவும் நெருங்கிய நட்பும்தான் வேலைக்கு உதவும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: சொன்னவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 56 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறை, அல்லது அதுவும் இல்லை என்றவர்கள் 28 சதவீதம். 1973-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. முடிவு இப்படி அமைந்ததற்குக் காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்தில் புழங்குகிறவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் பயனாளர்கள் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வெளியானது. அதிலும், ஓரளவு பழக்கமுள்ளவர்கள் வழியாகவே வேலை மாற்றம் அதிகம் நடந்ததாகத் தெரிந்தது.

அந்த ஓரளவுப் பழக்கம் உண்டாகிற இடம்தான் சங்கம்.

சங்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் சேராமல் தொழிலே செய்ய முடியாது. பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அதில் உறுப்பினராகாமல் ஒருவர் தன்னைச் சி.ஏ. என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதன் தென்னிந்திய மண்டலக் குழு சென்னையில் இருக்கிறது. கோவை, மதுரை, ஈரோடு, சேலம் என்று கிளைகளும் உண்டு. மற்றவை விருப்பப்பட்டுச் சேர்கிறவை. பொறியாளர்களுக்கான ‘இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ்’ 1920-இல் மதராசில்தான் பதிவானது. தலைமையகம் இப்போது கொல்கத்தாவில். நர்ஸ்களுக்கு 1908 முதல் இயங்கும் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் இருக்கிறது. மென்பொருள்காரர்களுக்கு ஐ-ட்ரிபிள்-இ போல மாணவர்களுக்குக் குறைந்த சந்தா வைத்திருக்கும் உலக அமைப்புகள் உண்டு. சந்தாவே இல்லாத ‘சென்னைபை’, சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்றவையும் உண்டு. கையில் காசில்லாதவர் இந்தக் கடைசி வகையில் தொடங்கலாம்.

சங்கத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது சென்னை நூலகச் சங்கத்தின் கதை. 1924-இல் கணிதப் பேராசிரியராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகப் பணி என்பது தனித் தொழில் என்ற எண்ணமே இங்கே பரவாத காலம். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. அவர்தான் செயலாளர். அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய நூலை 1931-இல் சங்கமே வெளியிட்டது. 1948-இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. தொழில் என்று ஒன்று இருப்பதையே ஊருக்குக் காட்டியது அந்தச் சங்கம்தான். ரங்கநாதன் அதில் முதலில் பிடித்தது தலைவர் நாற்காலியை அல்ல, செயலாளர் வேலையை என்பதைக் கவனியுங்கள்.

புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். பணம் கட்டுகிறார்கள், அட்டை வருகிறது, ரெஸ்யூமேயில் ஒரு வரி ஏறுகிறது, அத்தோடு சரி. கூட்டத்துக்கு வந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, பேசாமல் போய்விடுகிறார்கள். கூச்சம்தான் காரணம். முன்பின் தெரியாத சீனியரிடம் போய் என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது? அந்தக் கூச்சத்துக்கு ஒரு வழி இருக்கிறது: கையில் ஒரு வேலையை வாங்கிக்கொள்வது.

மாலை ஆறு மணிக் கூட்டம் என்றால் ஐந்தரைக்கே போய்ச் செயலாளரிடம், “சார், ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கை நான் பார்த்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் செயலாளரை நான் பார்த்ததில்லை. பெயர், நிறுவனம், போன் நம்பர் என்று கோடு போட்ட தாள் உங்கள் முன்னால் இருக்கும். வருகிறவர் ஒவ்வொருவரும் உங்களிடம் பேனா வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். யார் எங்கே வேலை செய்கிறார் என்பது உங்கள் கண்முன்னே எழுதப்படுகிறது. இரண்டு மூன்று கூட்டம் போனால், “என்ன தம்பி, இன்னிக்கும் நீங்கதானா?” என்று அவர்களே கேட்பார்கள். பேச்சாளரின் லேப்டாப் புரொஜெக்டரோடு சேராமல் முரண்டு பிடிக்கும்போது ஓடிப்போய் வேறு ஒயர் கொண்டுவருகிறவரை அறையில் உள்ள அத்தனை பேரும் பார்க்கிறார்கள். பிறகு ஒரு ரெஃபரல் கேட்டால், “அந்தப் பையன் பொறுப்பானவன்” என்று சொல்ல அவர்களுக்குக் கண்ணால் பார்த்த காரணம் இருக்கும். முகம் தெரியாத ரெஸ்யூமேக்கு அது கிடையாது.

கூட்டத்தில் பேசியதை அரைப் பக்கத்துக்குச் சுருக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவது இன்னொரு நல்ல வேலை. ஒரு எண்ணைச் சரிபார்க்கப் பேச்சாளருக்கே போன் செய்யலாம். அப்படிப் போன் செய்ய உங்களுக்கு ஒரு நியாயமான காரணமும் கிடைக்கிறது.

வேலை கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “எனக்கு ஏதாவது வேலை பார்த்துக் கொடுங்க சார்” என்றால் அவர் தலையாட்டுவார், மறந்துவிடுவார். எதை, யாரிடம் சொல்வது என்று அவருக்கே தெரியாது. “மூணு வருஷமா ஸ்ட்ரக்சுரல் டிசைன்ல இருக்கேன், ஸ்டாட் புரோ நல்லா தெரியும், சேலம் பக்கம் மாறணும்னு பார்க்கறேன்” என்று சொன்னால் அதை அவர் அப்படியே இன்னொருவருக்கு அனுப்பலாம். முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லாதீர்கள். உங்கள் பெயர் அவருக்குப் பழகட்டும். அவர் சொல்லி நீங்கள் நேர்காணலுக்குப் போனால், முடிவு எதுவானாலும் அன்றே அவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. அடுத்த முறை அவர் யாருக்கும் சொல்லத் தயங்குவது அதனால்தான்.

பெண்களுக்கு இந்தக் கூட்ட நேரமே ஒரு தடை. ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிந்தால் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் போக வேண்டியவர் எப்படி வருவார்? சனிக்கிழமை காலையில் வையுங்கள் என்று செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள், கூடவே நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உறுப்பினர் என்ற முறையில் அது உங்கள் உரிமை. ஐ-ட்ரிபிள்-இ போன்ற அமைப்புகளில் பெண் பொறியாளர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

பணம் கட்டும் முன் சில விஷயங்களை விசாரியுங்கள். போன வருடம் எத்தனை கூட்டம் நடந்தது, நிர்வாகிகளுக்குத் தேர்தல் உண்டா, வரவு செலவுக் கணக்கு உறுப்பினர்களுக்குக் காட்டப்படுகிறதா என்று கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். பணம் கட்டினால் விருது, பணம் கட்டினால் ‘ஃபெல்லோ’ என்று மெயில் அனுப்பும் அமைப்புகளை ஒதுக்கிவிடுங்கள். “பிசினஸ் மீட்” என்று கூப்பிட்டு, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று முடிக்கிற இடத்திலிருந்து உடனே கிளம்பிவிடுங்கள். ஒரே சாதிக்காரர்கள், ஒரே கல்லூரிக்காரர்கள் மட்டும் மேடையேறும் சங்கம் என்றால் முதல் தலைமுறைக்காரருக்கு அங்கே கதவு அவ்வளவு சுலபத்தில் திறக்காது. இன்னொன்றைத் தேடுங்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்தில் சேர வேண்டாம். ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம் ஒழுங்காகப் போங்கள். சந்தா புதுப்பிக்கும் மாதம் வந்ததும் போனை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரைச் சொன்னால் ஆளைத் தெரிந்துகொண்டு பேசக்கூடிய புதிய மனிதர்கள் பத்துப் பேராவது அதில் இருந்தால் சந்தாவைக் கட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை வேறு சங்கத்துக்குக் கொண்டுபோங்கள்.