டெஸ்லா சுருளில் ஒலிப் பண்பேற்றம்

டெஸ்லா சுருளில் ஒலிப் பண்பேற்றம் என்பது, சுருளின் முனையில் தோன்றும் மின்பொறியை இசை அல்லது பேச்சுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும், அப்பொறியையே ஒலிபெருக்கியாகப் பயன்படுத்தும் முறையாகும்.

டெஸ்லா சுருள், நிக்கோலா டெஸ்லா 1891இல் உருவாக்கிய ஒத்ததிர்வு மின்மாற்றியாகும். இன்றைய சுருள்கள் பலவற்றை டிரான்சிஸ்டர் திறன் பெருக்கிகள் இயக்குகின்றன. அவற்றின் அதிர்வெண் பல பத்து கிலோஹெர்ட்ஸ் முதல் சில மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். மனிதச் செவி உணர்வதோ ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். ஆகவே சுருளின் சொந்த அதிர்வு நமக்குக் கேட்பதில்லை. வானொலியைப் போலவே, இங்கும் உயர் அதிர்வெண் ஊர்தி அலையாகவே செயல்படுகிறது.

ஒலி எழும் விதம்

மின்பொறி காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிகிறது. மின்னலைத் தொடர்ந்து இடி எழுவதும் இதனால்தான். பொறிக்குச் செல்லும் திறன் நொடிக்கு 440 முறை கூடிக் குறைந்தால், காற்றும் 440 முறை விரிந்து சுருங்கும். 440 ஹெர்ட்ஸ் சுரம் கேட்கும். சாதாரண ஒலிபெருக்கியில் உள்ள கூம்புத்தாள் இங்கு தேவையில்லை.

இக்கருத்து பழையது. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் டடெல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்பன் வில்விளக்கைப் பாட வைத்தார். பின்னர் சீக்ஃபிரீட் கிளைன் உயர் அதிர்வெண் மின்னிறக்கத்தைக் கொண்டு அயனோஃபோன் என்னும் ஒலிபெருக்கியை அமைத்தார்.

துண்டிப்பு முறை

பெரிய சுருள்களில் இம்முறையே மிகுதி. பெருக்கி தொடர்ந்து இயங்காமல், சிறு சிறு துடிப்புகளாக இயங்கும். நொடிக்கு எத்தனை துடிப்புகளோ, அதுவே கேட்கும் சுரம்.

ஒரு துடிப்பு 100 மைக்ரோ வினாடி நீடிப்பதாகக் கொள்வோம். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் பெருக்கி மொத்த நேரத்தில் 4.4 விழுக்காடு மட்டுமே இயங்கும். 2,000 ஹெர்ட்ஸ் சுரத்தில் அது 20 விழுக்காடாகிவிடும். டிரான்சிஸ்டர்களின் வெப்பமும் அதற்கேற்ப உயரும். எனவே சுரம் உயர உயரத் துடிப்பின் நீளத்தைக் குறைக்க வேண்டும். இம்முறையில் நீண்ட பொறிகளும் உரத்த ஒலியும் கிடைக்கும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகர ஆர்க்அட்டாக் இசைக்குழுவினர் இவ்வகைச் சுருள்களால் அறியப்பட்டவர்கள். ஆனால் பேச்சும் பல கருவிகள் கலந்த இசையும் இதில் தெளிவாக வருவதில்லை.

வீச்சுப் பண்பேற்றம்

இதில் பெருக்கி இடைவிடாது இயங்கும். அதற்குச் செல்லும் மின்வழங்கலின் அழுத்தம் ஒலிக்கேற்ப மாற்றப்படுகிறது. இதற்கு மின்மாற்றியோ துடிப்பகலப் பண்பேற்றச் சுற்றோ பயன்படும். பொறி கிளைகள் குறைந்த சுடர்போல் நின்று, பேச்சையும் பாட்டையும் தெளிவாகத் தரும்.

இங்குதான் கணக்கு முக்கியமாகிறது. சைன் அலையால் முழுமையாகப் பண்பேற்றினால், உச்சத்தில் மின்வழங்கல் அழுத்தம் இருமடங்காகும். உச்சத் திறன் நான்கு மடங்காகும். சராசரித் திறன் ஒன்றரை மடங்காகும். ஊர்தி அலையின் திறன் 100 வாட் எனில், உச்சத்தில் 400 வாட்.

உயர் அதிர்வெண்ணில் பெரிதும் பயன்படும் இ-வகைப் பெருக்கியில், டிரான்சிஸ்டர் மீதான உச்ச அழுத்தம் வழங்கல் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3.6 மடங்கு இருக்கும். 50 வோல்ட்டில் இயங்கும் சுற்றில் அது 180 வோல்ட். முழுப் பண்பேற்றத்தின்போது 360 வோல்ட். ஒலியின்றிச் சோதிக்கும்போது 200 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் போதுமெனத் தோன்றும். பாட்டு தொடங்கியதும் அது பழுதாகிவிடும்.

அதிர்வெண் பண்பேற்றம்

இயக்கும் அதிர்வெண்ணை ஒத்ததிர்வுப் புள்ளியிலிருந்து சற்றே விலக்கினால் பொறி தணியும். திரும்பக் கொண்டுவந்தால் வலுப்பெறும். சுற்று எளிது. ஆனால் ஒத்ததிர்விலிருந்து விலகும்போது டிரான்சிஸ்டர்கள் கூடுதலாகச் சூடாகும். ஒத்ததிர்வு வளைகோடு நேர்கோடு அல்லாததால் ஒலி திரியும்.

உயர் அதிர்வெண் ஏன்?

ஒத்ததிர்வுச் சுற்றின் பட்டை அகலம், அதன் அதிர்வெண்ணைத் தரக்காரணியால் வகுத்தால் கிடைக்கும். 200 கிலோஹெர்ட்ஸ் சுருளின் தரக்காரணி 100 எனில், பட்டை அகலம் 2 கிலோஹெர்ட்ஸ். ஊர்தி அலையின் இருபுறமும் பக்கப்பட்டைகள் அமைவதால், 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மங்கிவிடும். 4 மெகாஹெர்ட்ஸ் சுருளின் தரக்காரணி 200 ஆனாலும் பட்டை அகலம் 20 கிலோஹெர்ட்ஸ். 10 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி நன்கு வரும். எனினும் சுடர் சிறியதாகையால், எந்தச் சுருளிலும் தாழ்ந்த ஒலிகள் வலுவாக எழுவதில்லை.

பாதுகாப்பு

உயர் அதிர்வெண் மின்னோட்டம் நரம்புகளை எளிதில் தூண்டாது. எனவே சுடரைத் தொட்டால் அதிர்ச்சி தெரியாமலேயே தசை ஆழமாக வெந்துவிடலாம். அதிர்ச்சி இல்லை என்பதற்காக ஆபத்தில்லை என எண்ணக் கூடாது. பெருக்கியின் மின்வழங்கலும் அதன் மின்தேக்கிகளும் உயிரைப் பறிக்கக்கூடியவை. சுடர் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்குவதால் காற்றோட்டம் தேவை. இதய முடுக்கி பொருத்தியவர்கள் அருகில் வரக் கூடாது. சுருள் வானொலி அலைகளையும் பரப்பும். ஆகவே செய்முறை விளக்கத்தின்போது நிலத்தொடர்புள்ள கம்பிவலைக் கூண்டுக்குள் அதை வைப்பது நல்லது.