புறங்காலில் வைத்த விரல்

சேலத்துக்கு இறங்கும் ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1980களின் கடைசியில் அந்த வழியாக இறங்கி, ரயிலேறி, நகரத்து மருத்துவமனை ஒன்றில் பைபாஸ் செய்துகொண்டார் பெரியப்பா. திரும்பியபோது இதயம் தேறியிருந்தது. இடது காலில் மூன்று விரல்கள் இல்லை. சேர்வராயன் மலையின் காப்பிச் சரிவுகளில் அதன்பின் அவர் ஏறவேயில்லை.

அறுவை முடிந்ததும் இதயம் தளர்ந்ததால் அவருக்குப் பலூன் பம்ப் வைத்திருந்தார்கள். 1967-இல் நியூயார்க்கில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்திய கருவி அது. தொடைத் தமனி வழியாக மகாதமனிக்குள் போகும் பலூன், இதயம் விரியும்போது ஹீலியத்தால் உப்பும். சுருங்கத் தொடங்குமுன் வற்றிவிடும். முதலில் தொடையைக் கீறித்தான் நுழைத்தார்கள். 1980 வாக்கில் ஊசித்துளையே போதுமென்றானது. ஆனாலும் குழாய் 12 பிரெஞ்ச் வரை, அதாவது 4 மில்லிமீட்டர் தடிமன். இன்று அது இரண்டரை மில்லிமீட்டர். குறைந்த அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் காலுக்கான ரத்தம் ஓடுகிறது.

இன்று பலூனுக்கும் கட்டுப்படாத இதயத்துக்கு எக்மோ: ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குள் திருப்பி அனுப்பும் கருவி. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கு வைத்தபோது தமிழ்நாடே அறிந்துகொண்ட சொல். அதன் குழாய் இன்னும் தடிமன். அதனால் காலை நோக்கித் தனியாக ஒரு சிறு குழாயும் வைக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு, வால்வு அறுவைக்குப் பின் அத்தை மகன் ஆறு நாள் அதில் கிடந்தான். மணிக்கொரு தரம் செவிலியர் அவன் புறங்காலில் இரு விரல் வைத்து நாடி தேடுவார்; பிடிபடாவிட்டால் டாப்ளர் கருவியை வைப்பார், 'உஷ்... உஷ்' என்று ரத்தம் பேசும். பெரியப்பாவின் காலை அப்படி எத்தனை தரம் தொட்டுப் பார்த்தார்களோ.

கால் தப்பியது. ஆனால் குழாயில் ரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த ஹெப்பாரினால் மார்புத் தையலில் கசிவு நிற்கவில்லை, மருந்தைக் குறைத்தார்கள். மறுநாள் மூளையில் சிறு அடைப்பு.

அறுவைக்குப் பின் எக்மோ வைத்தவர்களில் பத்துக்கு நான்கு பேர்தான் வீடு திரும்புகிறார்கள். அன்றென்றால் இவர்களில் பலர் அறுவை மேசையிலேயே போயிருப்பார்கள்; வீட்டாரிடம் கேட்க எதுவும் இருந்திருக்காது. இன்று உட்காரவைத்து, தொடரலாமா நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். ஐந்தாம் நாள் எங்களையும் கேட்டார்கள். "இன்னும் ஒரு நாள் பாக்கலாம் சார்" என்றார் அத்தை, தரையைப் பார்த்தபடி.

பெரியப்பா கடைசிவரை களத்தில் உட்கார்ந்து இரு கையாலும் காப்பிக் கொட்டை பொறுக்கினார். இவன் சரிவில் ஏறுகிறான். வலது கையால் மட்டும் பழம் பறிக்கிறான்.