கணிப்பொறிக்குப் பட்டம் தேவையா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

நாளிதழைப் புரட்டினாலும் கைபேசியைத் திறந்தாலும் ஒரு செய்தி தவறாமல் நம் கண்ணில் படுகிறது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர் தாமாகவே கணிப்பொறி கற்றார், சொந்த நிறுவனம் கண்டார், கோடீசுவரர் ஆனார் என்பதே அச்செய்தி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் அதைப் படித்து வியந்துவிட்டு அடுத்த பக்கம் செல்ல என்னால் இயலவில்லை. பட்டம் இன்றியே புரோகிராம் எழுத வருமென்றால், நாம் எதற்காக இங்கே மூன்றாண்டு அமர்ந்திருக்கிறோம்?

முதலில் புரோகிராம் என்பது யாது? காஞ்சிபுரம் வட்டாரத்தில் தறி உள்ள வீட்டாருக்கு இதனை விளக்குவது எளிது. தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்குகின்றன. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே செல்லும். அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையேல் இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை என்ற இவ்விரு சொற்களைக் கொண்டே சேலைக் கரையில் அன்னமும் மயிலும் வந்துவிடுகின்றன. கணிப்பொறி அறிந்த மொழியும் இவ்வளவே. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் இவ்வமைப்பைச் செய்தார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இந்த அட்டையையே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கும் துளையட்டைகளால் எண்ணப்பட்டதே. அந்த ஜக்கார்டு ஒரு நெசவாளியின் மகன். பதின்மூன்று வயதுவரை எழுத்தறியாதவர். நம் பக்கம் கட்டத்தாளில் வரைந்த டிசைனைப் பார்த்து அட்டை அடிப்பவர்களும் எந்தக் கல்லூரியிலும் அதைப் பயின்றவர் அல்லர். பட்டமின்றி இக்கலை வருமா என்ற ஐயம் இனி வேண்டாம். வரும்.

ஆனால் அது வரும்வரை சோறு போடுபவர் யார்? வெற்றிக் கதைகளில் நான் தேடுவது இதைத்தான்.

பில் கேட்ஸ் 1975-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். உண்மையே. அவர் தந்தை ஒரு வழக்கறிஞர் என்பதும், அவர் படித்த பள்ளியில் 1968-லேயே கணிப்பொறியோடு இணைந்த கருவி இருந்தது என்பதும் உண்மையே. படிப்பை விட்டாலும் அந்த வீட்டில் உலை கொதிக்கும். இந்தப் பகுதியை ஏனோ யாரும் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கோவை ஜி.டி.நாயுடு அவர்கள். 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டதும் அதன் மீது அவருக்கு ஆசை பிறந்தது. கோவைக்குச் சென்று ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை, வண்டியை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார்! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டத் தொடங்கினார். அதுவே பின்னர் பெரிய பேருந்து நிறுவனமாயிற்று. இந்தியாவின் முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவது 1937-இல் அவர் முயற்சியில் உருவாயிற்று. பட்டமே பெறாத அவர், 1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றவும் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழி வந்ததே. நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டே போதும் என்பது அவர் கருத்து. அன்றைய அரசு அதனை ஏற்கவில்லை.

அந்த இரண்டாண்டுக் கணக்கை வேறொருவர் பின்னாளில் செய்து காட்டினார். ஸ்ரீதர் வேம்பு 1996-இல் உடன் நின்று தொடங்கிய மென்பொருள் நிறுவனமே இன்றைய சோஹோ. 2004-05 வாக்கில் அந்நிறுவனம் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தோரையும் பட்டயப் படிப்பினரையும் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கணிதம், ஆங்கிலம், புரோகிராம் ஆகியவற்றை ஏறத்தாழ இரண்டாண்டு கற்பிக்கிறார்கள். கட்டணம் கிடையாது. மாறாக மாணவனுக்கு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறார்கள். பயிற்சி முடித்தவர் அங்கேயே வேலையில் அமர்கிறார். ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துப் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். "பட்டம் வேண்டாம் என்று சொல்லவும் ஒரு பட்டம் வேண்டியிருக்கிறது!" என்று என் வகுப்பு நண்பர் கேலி செய்வார். கேலி இருக்கட்டும், அந்த உதவித்தொகையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இது புதிய எண்ணமும் அன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் எங்கள் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்தது. பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவமனை ஒன்று இங்கு இருந்ததை அது கூறுகிறது. அதைக் காணப் பலர் வருகிறார்கள். அதே கல்வெட்டு இங்கிருந்த கல்விச்சாலையையும் குறிப்பிடுகிறது. மாணவருக்குச் சோறு, சனிக்கிழமை நீராட எண்ணெய், இரவு விளக்குக்கு எண்ணெய் என எல்லாவற்றுக்கும் அன்றே ஒதுக்கீடு இருந்தது. (அங்கே கற்பித்தவை வேதமும் வடமொழி இலக்கணமும், தறிக்காரன் மகனுக்கு இடம் இருந்திருக்குமா என்று கேட்காதீர்கள்.)

இவ்வளவும் நான் எழுதுவதற்குக் காரணம் என் தம்பி. பிளஸ் டூ முடித்தவன், கல்லூரிக்கு வரமாட்டேன் என்று நிற்கிறான். பெரியப்பா மகளுக்கு அரசு தந்த பழைய மடிக்கணினியில் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியைத் தானே கற்றான். எங்கள் உறவில் நான்கு தறி வைத்திருக்கும் ஒரு பெரியம்மாவுக்குக் கூலிக் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தான். முன்பணம் வாங்கிய நெசவாளியிடம் சேலைக்குச் சேலை சிறிது சிறிதாகப் பிடிப்பது வழக்கம். அவன் எழுதிய புரோகிராமோ ஒரே சேலைக் கூலியில் மொத்தத்தையும் பிடித்துவிட்டது. "இப்படிப் பிடிச்சா நாளைக்குத் தறிக்கு ஆள் வருமாடா?" என்றார் பெரியம்மா. ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினான். ஐந்நூறு ரூபாய் கிடைத்தது. நான் இரண்டாண்டில் எழுதிய எந்தத் தேர்விலும் இப்படியொரு கேள்வி வந்ததில்லை.

ஆயினும் ஐந்நூறு ரூபாய் எத்தனை நாளைக்கு? 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. வீட்டில் இருந்தே கற்கும் அவனுக்கு அது இல்லை. அவனும் என் அளவுக்குத்தான் படிக்கிறான். சில இரவுகளில் என்னைவிட அதிகமாகவே படிக்கிறான்.

அப்பா ஓராண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார். பகலில் தறியில் அவருக்குத் துணை, இரவில் கணிப்பொறி என்பது ஏற்பாடு. சோஹோ பள்ளித் தேர்வுக்கும் ஆயத்தம் ஆகிறான். அதுவரை அவனுடைய இணையக் கட்டணம் என் ஆயிரத்திலிருந்து போகிறது.