லாரிக்குச் செய்யும் செலவும் அதன் முறையும்

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரைச் சார்ந்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோஸப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊராகும். அவர் பெயரே நாளடைவில் திரிந்து காலடிப்பேட்டை ஆயிற்று. இப்பொழுது அவ்வூர்ப் பக்கம் தறியின் ஓசையைவிட லாரியின் ஓசையே மிகுதி. தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே எண்ணூரில் 2001-ம் வருஷம் திறக்கப்பட்ட துறைமுகம். 1948-ல் ஆஸ்டின் கார்களுக்காக அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, 1955-ல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய தொழிற்சாலையும் எண்ணூரிலேயே உள்ளது.

இத்தகைய இடத்தில் பழைய லாரியொன்றைக் கடன்பட்டு வாங்கியவர், கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன் வண்டியின் இழுவையைக் கூட்டினால் வருமானமும் கூடும் என்று எண்ணுவது இயல்பே. நெல்லும் உரமும் ஏற்றுவதற்கு லாரி வைத்திருக்கும் கிராமத்து அங்கத்தினர்களுக்கும் இவ்வெண்ணம் தோன்றுவதுண்டு. கைப்பொருளோ சிறிது, தவணையோ மாதந்தோறும் வரும். ஆகையால் எச்செலவு முந்தியது, எது பிந்தியது என்று நிதானித்தல் அவசியம்.

முதலில் வண்டி ஓடும் விதத்தை ஆராய வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆதலின் ஓட்டுநர் அறையின்மேல் பொருத்தும் காற்றுத் தகடு, பெங்களூர்ச் சாலையில் நெடுந்தூரம் விரைந்து செல்லும் வண்டிக்குப் பயன் தரும். துறைமுக வாயிலில் வரிசையில் நின்று, பின் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அது வெறும் அலங்காரமே. இவ்வண்டிக்கு டீசலைக் குடிப்பவை வேறு: காற்றுக் குறைந்த டயர், கோணல் ஓட்டமுள்ள முன் சக்கரம், விடாமல் உராயும் பிரேக், நிற்கையிலும் அணைக்காத எஞ்சின். பெரிய டீசல் எஞ்சின் சும்மா ஓடினாலும் மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை எரிந்துவிடும். அதை அணைத்து வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் லாரி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருவதாக வைத்துக்கொள்வோம். செலவு 750 லிட்டர். அது 4.2 ஆக உயர்ந்தால் செலவு சுமார் 714 லிட்டர். மிச்சம் 36 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் மாதம் 3,240 ரூபாய். இம்மிச்சத்துக்காக 60,000 ரூபாய்க்கு ஒரு சாதனம் பூட்டினால், வட்டியை நீக்கியே முதல் திரும்ப ஒன்றரை வருஷத்துக்கு மேலாகும். டயரின் காற்றையும் சக்கர நேர்மையையும் சீர்செய்வதாலேயே அதே பலன் கிட்டுமாயின், அதற்காகும் சொற்பத் தொகை ஓரிரு மாதங்களில் மீண்டுவிடும். விற்பவர் சொல்லும் மிச்சத்தை நம்பாமல், மூன்று மாதம் டீசலையும் கிலோமீட்டரையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்த பின்னரே சாதனம் வாங்கத் தலைப்படலாம்.

டயர் விஷயத்தில் சிக்கனம் செய்யும் வழி ஒன்றுண்டு. புதிய டயர்களை முன்னால் பூட்டி, ரீட்ரேட் செய்தவற்றைப் பின்னால் போடுக. பின்புறத்து இரட்டை டயர்கள் ஒரே உயரமுடையனவாக இருத்தல் வேண்டும். ஒன்று தேய்ந்து சிறுத்திருப்பின் பெரியதே பாரம் முழுதும் சுமக்கும், சிறியது இழுபட்டுத் தேயும். எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூசியும் சாம்பலும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். கடற்காற்றின் உப்போ சேஸியையும் மின்கம்பி முனைகளையும் அரிக்கும். நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவித் துரு நீக்கி வர்ணம் பூசுவதை யாரும் அபிவிருத்தி என்று சொல்லுவதில்லை. எனினும் இக்கரையோரத்தில் வண்டியின் ஆயுள் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

இனி இழுவை. டீசலை அதிகம் பாய்ச்சினால் சக்தி கூடும் என்று பம்பைத் திருகுவோர் உளர். எரிவதற்குப் போதிய காற்று இல்லாவிடில் மிகுந்த டீசல் கரும்புகையாகவே வெளியேறும். டர்போ என்பது அக்காற்றை அழுத்தி உட்செலுத்தும் கருவி. அதைப் பழைய எஞ்சினில் பூட்டினால் உஷ்ணமும் அழுத்தமும் ஏறி, கிளட்ச், கியர்ப்பெட்டி, கிரௌன் ஆகிய யாவும் புதிய பளுவைத் தாங்க நேரும். ஒன்றுக்கென்று தொடங்கிய செலவு நான்காகும். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பங்கீட்டின்போது கரிவாயுவில் ஓடிய லாரிகள் சக்தி வெகுவாகக் குறைந்தும் சரக்கை ஊர் சேர்த்தன என்பதையும் நினைக்கலாம். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் எஞ்சினை ஆள்வது மின்னணுக் கருவியாதலின், அதன் கணக்கை வெளியார் கொண்டு மாற்றினால் புகை சுத்திகரிப்பு கெடுவதோடு, கம்பெனியின் உத்தரவாதமும் போய்விடக்கூடும்.

கமான் பட்டைகளைக் கூட்டிப் பாரம் ஏற்றுவதே யாவற்றிலும் ஆபத்தானது. பட்டை கூடினும் அச்சும் பிரேக்கும் பழையனவே. பதிவுப் புத்தகத்திலுள்ள எடையும் மாறுவதில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கின்றது. 2019-ன் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயுமாகும். மூன்று டன் கூட்டி ஏற்றியவர் ஒருமுறை பிடிபட்டால் 26,000 ரூபாய் போகும். முன் கணக்கின்படி அது எட்டு மாதத்து டீசல் மிச்சம்.

ஆகவே பிரேக் லைனிங், காற்றுக் குழாய்கள், ஸ்டீரிங் மூட்டுகள், விளக்குகள் ஆகியவற்றுக்கே முதற்பணம் செல்லவேண்டும். அடுத்து டயர், அதன்பின் நாசில் பரிசோதனையும் வடிகட்டியும். இவ்வளவும் முடிந்து மிச்சமிருந்தால், அதை அடுத்த டயர் ஜோடிக்கென்று சங்கத்தில் சேமிப்பாக வைப்பது உசிதம். டயர் வெடித்த அன்று அவசரக் கடன் வாங்குவோர் கொடுக்கும் வட்டி, எந்த டர்போவின் விலைக்கும் குறைந்ததன்று.